இத வித்தா எத்தன ரூபா வரும்னு கேக்கறவங்களுக்கு

போன மாசம் அவிநாசிப் பக்கம் ஒறம்பற வீட்டு சீருக்குப் போயிருந்தோம்ங்க. வெத்தலபாக்கு, தேங்கா எல்லாம் போட்டு மடியில வெச்சிருந்த, பனியன் துணியில பின்னின கூடையப் பாத்துட்டு பக்கத்துல உக்காந்திருந்த அக்கா ஒருத்தங்க கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, அடியில விரல விட்டு அழுத்திப் பாத்தாங்க, கைப்பிடிய இழுத்துப் பாத்தாங்க, பாத்துட்டு "நீங்களே போட்டதுங்களா கண்ணு?"ன்னாங்க. ஆமாங்கக்கான்னேன். அடுத்த கேள்வி என்ன வரும்னு எனக்குத் தெரியும், அதேதான் வந்துச்சு. "ஒண்ணு எத்தனைக்குத் தர்றீங்க?"

விக்கறதில்லீங்கன்னு சொன்னதும் அவங்க மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "அட, இத்தன கைவேல தெரிஞ்சு வெச்சுட்டு சும்மாவா இருக்கறீங்க, மாசம் 50 பீஸ் போட்டாலும்..."னு ஆரம்பிச்சு துணிக்கு இத்தன, கூலிக்கு இத்தன, பஸ் சார்ஜ் இத்தனன்னு பந்தியில எல போடறதுக்குள்ள எனக்கு ஒரு கம்பெனியே வெச்சுக் கொடுத்துட்டாங்க. எனக்கு அவங்க மேல துளி கூட வருத்தம் இல்லைங்க. எங்க பக்கத்துல ஒருத்தரப் பாத்து "நீ ஒரு தொழில் போட்ரு"ன்னு சொல்றது வாழ்த்து மாதிரிதான். மானத்தப் பாத்துட்டு மேட்டாங்காட்டுல சோளமும் கம்பும் வெதச்சுட்டு இருந்த சனம், கெணத்துல தண்ணி இல்லாமத் தறிக்கும் மில்லுக்கும் பனியனுக்கும் வந்து பொழச்ச சனம், ஒரு கையில ஒரு வேல தெரிஞ்சா அத வெச்சு நாலு பேரு சோறு திங்கலாம்னு நெனைக்கறது எங்க ரத்தத்துல ஊறினது. நானும் அந்தச் சோத்தத் தின்னு வளந்தவதான்.

ஆனா நான் கொக்கி ஊசியில போடற குரோஷா பின்னல், சுடற கேக்கு, ராத்திரில உக்காந்து எழுதற இந்த எழுத்து மூணும் விலைக்கு இல்லைங்க. ஏன் இல்லைன்னு ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியா சொல்லிட்டு இருக்கறதுக்கு ஒரு தடவ முழுசா எழுதி வெச்சுரலாம்னு தோணுச்சு.

எங்கம்மாகிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும். நாங்க ஊத்துக்குளிப் பக்கம். அப்பா பனியன் கம்பெனில கட்டிங். அம்மா வீட்லயே இருந்து பிசிறு வெட்டிக் கொடுப்பாங்க, திருப்பூரத் தாண்டி இருக்கறவங்களுக்கு அது என்னன்னு தெரியாது, தெச்சு முடிச்ச டீசர்ட்ல தையல் முடியற எடத்துலயெல்லாம் நூல் நீட்டிட்டு நிக்கும், அத ஒவ்வொண்ணா ட்ரிம்மர் வெச்சு வெட்டி எடுக்கணும், துணில ஓட்ட விழுந்துரக் கூடாது, விழுந்தா அந்த பீஸுக்குக் காசு புடிச்சுருவாங்க. பண்டல் பண்டலா வரும். கூலி பீஸுக்கு பைசாக் கணக்கு. வெடியால சோறாக்கி முடிச்சதும் உக்காந்தா பொழுதோட விளக்கு வெக்கற வரைக்கும், அம்மாவோட கட்ட விரல் ஓரத்துல ட்ரிம்மர் அழுத்தின தழும்பு இன்னைக்கும் இருக்குது.

அதே அம்மா ராத்திரி ஏனமெல்லாம் கழுவிக் கவுத்துட்டு ஆசாரத்துல, அதான் கூடத்துல, கால நீட்டி உக்காந்து ஒயர் கூடை போடுவாங்க. ஒயர் கட்டு வாங்கறதுக்கு அவங்க சந்தைல நிக்கற நேரத்தப் பாக்கணுமே, பிசிறு வெட்டற பண்டல் எந்தக் கலர்ல வந்தாலும் ஏறெடுத்துப் பாக்காத அம்மா அங்க மட்டும் பச்சையையும் ஊதாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, தள்ளி நின்னு பாத்து, மறுபடி மாத்தி வெச்சு, கடைக்காரர் சலிச்சுப் போயி "ஏனுங்கம்மா எதையாச்சும் எடுங்க"ன்னு சொல்ற வரைக்கும் நிப்பாங்க. சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண்ணு எல்லாம் வரும் அவங்களுக்கு. ஒரு தடவ நெல்லிக்காய்க் கூடை பாதிக்கு மேல ஏறினப்பறம் ஒரு வரிசையில சுத்தி ஓடற ரன்னிங் ஒயர் ஒரு எடத்துல புரண்டு இருக்கறதப் பாத்துட்டு மூணு விரக்கடை ஒசரத்த அப்படியே பிரிச்சாங்க, வெளிய இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது. அப்பா கேட்டாரு, "பகலெல்லாம் கை வலிக்குதுங்கற, இப்ப இது எதுக்கு?"ன்னு. அம்மா "இது வேறங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. நிமுந்து கூடப் பாக்கல.

அப்ப எனக்கு 10 வயசு இருக்கும். அதே கை, அதே விரல், அதே வலி, ஆனா பிசிறு வெட்டறப்ப இருக்கற மொகமும் கூடை போடறப்ப இருக்கற மொகமும் ஒண்ணில்ல. அந்த வேறங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்க எனக்கு 30 வயசு ஆக வேண்டி இருந்துச்சு.

2011 ஜனவரில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ல இருக்கற சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லிருச்சுங்க, கழிவுத் தண்ணி ஒரு சொட்டுக் கூட வெளிய போகாத அளவுக்கு சுத்தம் பண்ற வரைக்கும் தெறக்கக் கூடாதுன்னு. சாயம் இல்லேன்னா துணி இல்ல, துணி இல்லேன்னா கட்டிங் இல்ல, தையல் இல்ல. எங்கூட்டுக்காரர் வேல பாத்த கம்பெனில வாரத்துல 3 நாள் வேல இருந்தா பெருசு. கையில காசு இல்லாம, மனசும் சரியில்லாம இருந்த அந்த மாசங்கள்ல ஒரு நாள் அவரு டிவிஎஸ் வண்டியில முன்னாடி ஒரு மூட்டையத் தூக்கிப் போட்டுட்டு வந்தாரு. பிரிச்சுப் பாத்தா கட்டிங் வேஸ்ட்டு. கை வெட்டின துண்டு, கழுத்து வெட்டின துண்டு, ஓரத்துல நீளமா விழுந்த ரிப்பன் மாதிரி துண்டு. மெதியடி தெச்சுக்கலாம்னு நெனச்சுதான் கொண்டு வந்திருக்காரு.

நான் அந்த நீளத் துண்டு ஒண்ண சும்மா கையில புடிச்சு இழுத்தேன். இழுத்ததும் ரெண்டு ஓரமும் உள்பக்கமா சுருண்டு ஒரு கயிறு மாதிரி ஆயிருச்சு, விட்டாலும் அப்படியே நின்னுச்சு. அன்னைக்குப் புடிச்ச பைத்தியம்தான் இது.

இதப் பத்தி விலாவாரியா சொல்லாம என்னால போக முடியாதுங்க. எல்லா பனியன் துணியும் இப்படி சுருளாது. சிங்கிள் ஜெர்சிதான் சுருளும். அதுல ஒரு பக்கம் முழுக்க ஒரே மாதிரி கண்ணி, பின்பக்கம் வேற மாதிரி, ரெண்டு பக்கமும் இழுப்பு சமமா இருக்காது, அதனால வெட்டின ஓரம் நிக்க மாட்டாம மடங்கிக்கும். ரிப், இன்டர்லாக் ரெண்டுலயும் முன்னும் பின்னும் ஒரே மாதிரி கண்ணி இருக்கறதால சமாதானமாப் படுத்திருக்கும், எத்தன இழுத்தாலும் கயிறாகாது. அப்பறம் வெட்டற வாக்கு முக்கியம், துணியோட அகலவாக்குல ஒரு இன்ச் அகலத்துக்கு வெட்டினாத்தான் நல்லா இழுபட்டு சுருளும், நீளவாக்குல வெட்டினா மொண்டு புடிக்கும். ஜிஎஸ்எம், அதான் ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கற கணக்கு, எச்சா இருக்கற துணிக்கு முக்கா இன்ச்சே போதும். எங்கூட்டுக்காரர் துணியத் தொட்டே 160ஆ 180ஆன்னு சொல்லுவாரு, அந்த அறிவு எல்லாம் எங்கூட்டு ஆசாரத்துல இப்படி வந்து பயன்படும்னு அவரே நெனச்சிருக்க மாட்டாரு.

அந்தக் கயித்துல 9 மில்லிமீட்டர் குரோஷா ஊசியப் போட்டு வட்டமாப் போட ஆரம்பிச்சேன். பள்ளிக்கூடத்துல கைவேல வகுப்புல மெல்லிசு நூல்ல கர்ச்சீப் ஓரம் போட்டுப் பழகினது எங்கயோ கை ஞாபகத்துல இருந்துச்சு. மொதல் சுத்து 6 கண்ணி. அடுத்தது 12, அடுத்தது 18, 24, சுத்துக்கு 6 கண்ணி கூட்டிட்டே போனா தட்டு மாதிரி சமதளமாப் படுக்கும். 6க்கு பதிலா 8 கூட்டினா ஓரம் பாவாடக் கொசுவம் மாதிரி அலஅலையா நெளியும், 4 தான் கூட்டினா கிண்ணம் மாதிரி குழியும். கூட்டறத நிறுத்திட்டா செவுரு எந்திரிக்கும், அதான் கூடை. இவ்வளவுதான் சூத்திரம், ஆனா மொதல் மூணு கூடையும் எனக்கு நெளிஞ்சுச்சு, ஏன் நெளியுதுன்னு கண்ணிய எண்ணி எண்ணி, ஒரு நோட்டுல எழுதி எழுதித்தான் இந்த 6ங்கற எண்ண நானாக் கண்டுபுடிச்சேன். இத எத்தனையோ பேரு முன்னாடியே கண்டுபுடிச்சது, புஸ்தகத்துலயே இருக்குதுன்னு அப்பறம் தெரிஞ்சுது. அதனால அந்த ராத்திரி எனக்கு வந்த சந்தோஷம் கொறையவே இல்லைங்க.

இன்னொண்ணு. பாவு, பின்னல், நெசவு எல்லாத்துக்கும் மெஷின் வந்த இந்த ஊர்ல குரோஷாவ அப்படியே கை போடற மாதிரி போடற மெஷின் ஒரு கம்பெனிலயும் கெடையாது. குரோஷா மெஷின்னு பேரு வெச்சு ஒண்ணு ஓடும், அது ஜட்டி எலாஸ்டிக், லேசு இதுகளுக்கானது, கண்ணியே வேற. திருப்பூர்ல உக்காந்துட்டு மெஷின் தொடாத ஒரு வேலையப் பண்றோம்னு நெனைக்கறப்ப எனக்கு ஒரு பெருமை வருது, அத மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

அந்தத் துணியும் சும்மா துணி இல்லைங்க. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில இருந்து எறங்கி கோயமுத்தூர், திருப்பூர் எல்லாம் தாண்டி காவேரில போய்ச் சேர்ற ஆறு. எங்கம்மாவப் பெத்த அமுச்சி கல்யாணமாகி வந்த புதுசுல அதுல குளிச்சவங்க, ஊத்துத் தோண்டிக் குடிக்கத் தண்ணி மோந்தவங்க. அப்பறம் அதே ஆத்துத் தண்ணி பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணைல சாயத் தண்ணியாத் தேங்கி நின்னு, காடு பாழாப் போனதயும் அவங்களே பாத்தாங்க. ஒரு மீட்டர் துணிக்கு சாயம் ஏத்தறதுக்கு என் ஊரு என்ன கொடுத்துச்சுன்னு தெரிஞ்சவளால ஒரு முழத் துண்டக் கூட குப்பையில போட முடியாது. வேஸ்ட்டு எல்லாம் வீணாப் போறதும் இல்ல, வெள்ளத் துண்டு ஒர்க்ஷாப்புக்கு கை தொடைக்கப் போகும், கலர்த் துண்ட கலர் கலராப் பிரிச்சு அரச்சுப் பஞ்சாக்கி ஓஇன்னு சொல்ற ஓப்பன் எண்ட் நூல் மில்லுல மறுபடி நூலாக்குவாங்க, கலர் அதுலயே இருக்கறதால திரும்ப சாயம் போட வேண்டியதில்ல. அது பெரிய வேலை. என்னுது ஒரு மூட்டைக்கான வேலை. இதுவரைக்கும் 140 கூடை போட்டிருப்பேன், பாதிக்கு மேல ஒறம்பற வீடுகள்ல வெங்காயமும் பூண்டும் போட்டுத் தொங்குது.

கேக்கு வந்த கதை வேற. எங்க பக்கத்துல பேக்கரின்னா டீக்கடைன்னு அர்த்தம். "பேக்கரிக்குப் போலாம்"னா ஒரு டீ, ஒரு தேங்கா பன்னு, ஊர் நாயம். வீட்ல ஓவன் வெச்சு சுடறதெல்லாம் கெடையாது, நோம்பின்னா ஒப்புட்டு, அதிரசம் மாதிரி கச்சாயம், சந்தகை, எண்ணெய்லயும் ஆவிலயும் தோசக்கல்லுலயும் வேகறதுதான். சீட்டு எடுத்த காசுல 2012ல ஓடிஜின்னு ஒரு சின்ன கரண்ட் ஓவன் வாங்கினேன், வாங்கின வருஷமாப் பாத்துத்தான் கரண்ட் அந்தக் கதியா போச்சு. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், அதுக்கு மேலயும் கட் ஆன வருஷம் அது, எங்க பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. கேக்க உள்ள வெச்சு 20 நிமிஷத்துல கரண்ட் போகும். போனா நடுவுல பொதக்குனு எறங்கிரும். மாவுக்குள்ள காத்துக் குமிழி உப்பி நிக்கும், ஆனா சுத்தி இருக்கற மாவு வெந்து இறுகறதுக்கு முன்னாடி சூடு போயிருச்சுன்னா குமிழி சுருங்கும், தாங்கிப் புடிக்கச் செவுரு இருக்காது, அவ்வளவுதான், மறுபடி கரண்ட் வந்தாலும் அது எந்திரிக்காது.

அப்பத்தான் குக்கர்ல வைக்கப் பழகினேன். பழைய 7 லிட்டர் குக்கர், கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துட்டு, அடில ரெண்டு விரக்கடை கல்லுப்பு பரப்பி, மேல ஒரு ஸ்டாண்டு, 10 நிமிஷம் காய விட்டு அப்பறம் பாத்திரத்த உள்ள வெச்சா சின்னத் தீயில 45 நிமிஷம். மேல செவக்காது, ஆனா உள்ள பஞ்சு மாதிரி வேகும். அந்த ஒரு வருஷம் எனக்குக் கத்துக் கொடுத்தத எந்த க்ளாசும் கொடுத்திருக்காது, ஏன்னா டிகிரி காட்டற குமிழ் இல்ல, வாசத்த வெச்சும் மூடி மேல கைய வெச்சும்தான் கண்டுபுடிக்கணும்.

ஊத்துக்குளிக்காரிக்கு வெண்ணெயப் பத்தி சொல்லாம விட மனசு வருமா. எங்க ஊரு பேரே வெண்ணெயிலதான் இருக்குது. ஆனா பிஸ்கட் சுட்டப்ப அதே வெண்ணெய்தான் என்னய ஏமாத்திச்சு, தட்டுல வெச்ச பிஸ்கட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரே தோசையாப் பரவிருச்சு. நாலஞ்சு தடவ மாவ மாத்தி, சக்கரைய மாத்திப் பாத்துட்டு அப்பறம்தான் புரிஞ்சுது, தண்ணி. பாக்கெட்ல வர்ற வெண்ணெய்ல 80 சதத்துக்குக் கொறையாமக் கொழுப்பு இருந்தாகணும்னு சட்டம் இருக்குது. வீட்ல தயிர் கடஞ்சு எடுக்கறதுல தண்ணி எத்தன நிக்குதுன்னு எடுக்கற கையப் பொறுத்தது. அமுச்சி மத்துல கடஞ்சு எடுத்தா அத குளுந்த தண்ணில போட்டு உள்ளங்கையால அமுக்கி அமுக்கி, தண்ணிய மாத்தி மாத்தி, மோரோட வெள்ள சுத்தமாப் போற வரைக்கும் பெசைவாங்க. அத நான் சோம்பேறித்தனமா ரெண்டு தடவையோட விட்டுட்டு இருந்தேன். இப்பல்லாம் அவங்க மாதிரியே பெசஞ்சு, மெல்லிசு வேட்டித் துணில கட்டி ஒரு ராத்திரி தொங்க விட்டு, அப்பறம்தான் எடை போடறேன். பிஸ்கட் வெச்ச எடத்துல வெச்சபடி நிக்குது. வாசம் இருக்குதே, பாக்கெட் வெண்ணெய்க்கு அது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

எங்கூட்ல அடிக்கடி சுடறது ராகி கேக்கு. ராகி மாவு 100 கிராம், கோதும மாவு 100 கிராம், ராகில ஒட்டுப் பசை இல்லாததால தனியாப் போட்டா உதுந்துரும், கோதுமதான் கட்டிப் புடிக்கும். கவுந்தப்பாடி நாட்டுச் சக்கர 150 கிராம், பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற அதே சக்கரதான், சலிச்சுட்டுப் போடணும். வெண்ணெய் 100, கெட்டித் தயிர் ஒரு டம்ளர், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன். சோடாவுக்குப் புளிப்பு இருந்தாத்தான் பொங்கும், அதுக்குத்தான் தயிர், தயிர் ஊத்தின ஒடனே சட்டுனு உள்ள வெச்சரணும், போன்ல பேசிட்டு நின்னா பொங்கினது அடங்கிரும். 170 டிகிரி, 40 நிமிஷம். நாட்டுச் சக்கர ஈரத்தப் புடிச்சு வெச்சுக்கும், அதனால மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். என் மாமியார், கேக்குன்னாலே "முட்ட வாசம்"னு மூஞ்சியத் திருப்பறவங்க, இத மட்டும் காப்பிக்குத் தொட்டுக்கக் கேட்டு வாங்குவாங்க.

சரி, விக்கவே இல்லையான்னா, வித்தேன். 2016ல இருந்து ஒன்றரை வருஷம் ஆர்டர் எடுத்தேன். உணவுப் பாதுகாப்புத் துறைல பதிவு பண்ணி, அட்டப் பெட்டி எல்லாம் வாங்கி, முறையாத்தான் பண்ணேன். பணம் வந்துச்சு, பாப்பாவுக்கு ஒரு வருஷம் ஸ்கூல் ஃபீஸ் அதுலதான் கட்டினோம், அத நான் கொறச்சு சொல்ல மாட்டேன். ஒரு தடவ 3 கிலோ கேக்கு, ராத்திரி 11 மணிக்கு க்ரீம் எல்லாம் வெச்சு முடிச்சப்பறம் வேண்டாம்னு போன் வந்துச்சு, அன்னைக்கு அழுதேன். ஆனா அதுக்காக நிறுத்தல. வருஷக் கடசில அலமாரிய ஒதுங்க வெக்கறப்ப என்ற நோட்டுகள எடுத்துப் பாத்தேன். ஆர்டர் நோட்டு ரெண்டு ரொம்பி வழியுது, கிலோ, பேரு, கலர், அட்வான்ஸ். 2011ல இருந்து எழுதிட்டு வந்த அந்த இன்னொரு நோட்டுல, இன்னைக்கு என்ன பண்ணேன், என்ன ஆச்சு, ஏன் ஆச்சுன்னு எழுதற நோட்டுல, ஒன்றரை வருஷம் ஒரு வரி கூட இல்ல. புதுசா ஒண்ணுமே பண்ணிப் பாக்கல. என்ன ஆகுமோன்னு பாக்கறதுக்கு ஆர்டர்ல எடமே இல்லைங்க, அவங்களுக்குப் படத்துல இருக்கற மாதிரி வரணும், அது அவங்க நாயமான உரிமை. குரோஷா ஊசி எங்க இருக்குதுன்னு கூடத் தெரியல. அம்மா சொன்ன அந்த வேறங்கறது அன்னைக்குத்தான் எனக்கு முழுசா வெளங்குச்சு. கையில இருந்த ஆர்டர முடிச்சுக் கொடுத்துட்டு பெட்டி மிச்சத்தத் தெரிஞ்ச ஒரு தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன், அவ இன்னைக்கும் நல்லாப் பண்றா, யாராச்சும் கேட்டா அவ நம்பரத்தான் கொடுப்பேன்.

அந்த நோட்டுதான் அப்பறம் வலைப்பதிவு ஆச்சு. எழுதறதயும் நான் கைவேலைன்னுதான் சொல்லுவேன். தமிழ்99 கீபோர்டு பழகினவங்களுக்குத் தெரியும், இடது கைப் பக்கம் உயிர், வலது கைப் பக்கம் மெய், ரெண்டு கையும் மாறி மாறி விழுகறப்ப கிட்டத்தட்ட பின்னல் மாதிரியேதான் இருக்கும். ஒரே மெய்ய ரெண்டு தடவ அடிச்சா மொதல்ல இருக்கறதுக்குப் புள்ளி தானா விழுந்துரும், ங அடிச்சு க அடிச்சா ங்க வந்துரும், வரிக்கு ரெண்டு ங்க போடற எங்க ஊருப் பேச்சுக்கு இது எத்தன சௌகரியம் பாருங்க. அது மட்டுமில்ல, எழுத உக்காந்தாத்தான் நம்மளுக்கு என்ன தெரியாதுன்னு தெரியும். ஓரத்த மடிச்சுப் போடணும்னு எழுதிட்டா, எந்தப் பக்கம் மடிக்கணும்னு ஒரு கேள்வி வந்து நிக்கும், எந்திரிச்சுப் போயி கூடைய எடுத்துப் பாத்துட்டு வந்துதான் அடுத்த வரி. பதம் வந்ததும் எறக்கணும்னு எழுதிட்டா, பதம்னா என்ன?

இந்தப் பதம்தான் என்னய அமுச்சிகிட்டக் கூட்டிட்டுப் போச்சு. அவங்க கச்சாயத்துக்கு அளவே கெடையாது. பச்சரிசிய ஊற வெச்சு, நெழல்ல ஒணத்தி, கை ஈரம் இருக்கறப்பவே இடிச்சு சலிச்ச மாவு. வெல்லப் பாகு உருட்டுப் பதம், தண்ணில ஒரு சொட்டு விட்டு உருட்டினா உருளணும். பாகுல மாவு எத்தன போடணும்? "கைப் பிடில 16 பிடி கண்ணு." யாரு கைப் பிடி அமுச்சி? "இதென்ன கேள்வி, போடறவ கைதான்." 2013 தீவாளிக்கு நான் அவங்களுக்குத் தெரியாம மாவுத் தாம்பாளத்த எலக்ட்ரானிக் தராசு மேல வெச்சுட்டேன், அவங்க ஒவ்வொரு பிடி அள்ளறப்பவும் எத்தன கொறையுதுன்னு பாத்தாப் போதும். 58, 60, 59, 59, 58, 60. 16 பிடிக்கும் அப்படியேதான் போச்சு. கூட்டிப் பாத்தா 944 கிராம். எனக்கு ரோமமெல்லாம் எந்திரிச்சுருச்சு. அத அன்னைக்கே தேதி போட்டு எழுதி வெச்சேன், என்ற கைப் பிடி 47 கிராம்தான் வருது, அதனால எனக்கு 20 பிடின்னும் எழுதி வெச்சேன்.

போன தீவாளிக்கு மறுபடி அமுச்சிகிட்டப் போயிருந்தோம். 86 வயசாச்சு. வெல்லம் அதே அளவு, அதே உருளி. எனக்கு அந்த ஞாபகம் வந்து தராச எடுத்து வெச்சேன், இந்தத் தடவ அவங்களுக்குத் தெரிஞ்சேதான், "வெய்யி வெய்யி"ன்னுட்டாங்க. மொதல் பிடி 51. ரெண்டாவது 50. அடுத்தது 51. எனக்கு சொரத்தே இல்லாமப் போயிருச்சு, அந்தக் கை இத்தன சுருங்கிருச்சான்னு. நான் பேனாவப் புடிச்சுட்டு பாத்துட்டே இருக்கேன், 14, 15, 16 பிடி ஆச்சு. அமுச்சி எண்ணல. பாகுல கரண்டிய ஒரு சுத்து சுத்தினாங்க, தூக்கிப் புடிச்சு அது விழுகறதப் பாத்தாங்க, இன்னொரு பிடி அள்ளினாங்க. மறுபடி சுத்திப் பாத்துட்டு இன்னொண்ணு. அப்பறம் விரல் நுனில ஒரு அரப் பிடி எடுத்து அதத் தூவி விட்டாங்க.

நான் கூட்டிட்டு இருந்தேன். 940 சொச்சம் வந்துச்சு. பாப்பா பக்கத்துல வந்து நின்னு என்ற நோட்டையும் தராசயும் மாறி மாறிப் பாத்தா, பழைய தேதியத் தொட்டுக் காட்டி "அம்மா இதுலயும் அதே இருக்குது"ன்னா. நான் பதில் சொல்லத் தெரியாம எழுதிட்டே இருந்தேன், 18 பிடி, அப்பறம் ஒரு அரப் பிடி, கை 51ன்னு, அதுக்குள்ள அமுச்சி சத்தம் போட்டாங்க.

"எழுதறத அப்பறம் எழுதிக்கோ அம்மிணி, பாகு இறுகுது, வந்து கிண்டு."